கையைக் கழுவச் சொன்னவர்

இதை எழுதலாமா என்று முதலில் அவரிடம்தான் கேட்டேன். "எழுது தங்கச்சி. ஆனா படிக்கிறவங்க யாரும் என்னையக் கண்டுபிடிச்சிரக் கூடாது," என்றார். அதனால் பெயரை மாற்றியிருக்கிறேன். அவர் செய்யும் தொழிலையும், அடிபட்ட விதத்தையும்கூடக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் எனக்கு நடந்தபடிதான். அவரை இங்கே சேகர் அண்ணன் என்று சொல்கிறேன்.

நான் அந்தமானில், ஹட் பேயில் பிறந்தவள். எங்கள் குடும்பம் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து இந்தத் தீவுகளுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். அப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். நான் போர்ட் பிளேரில், பத்துபஸ்தியில் இருக்கும் அண்ணன் வீட்டில் தங்கி, கல்லூரியில் விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறேன். வீட்டில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஒன்றரை வயது மகள் பூமி, நான்.

ஒரு சனிக்கிழமை எங்கள் வகுப்பை அலையாத்திக் காடு பார்க்க பாராடாங் தீவுக்கு அழைத்துப் போனார்கள். தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் வேர்களில் ஒட்டியிருந்த சிப்பிகளைப் பெயர்த்தெடுக்கப் போய், ஒரு சிப்பி என் வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. பெரிய வெட்டு இல்லை. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மறந்துவிட்டேன்.

படகில் திரும்பினோம். சேகர் அண்ணன்தான் படகோட்டி. முப்பத்தைந்து வயதிருக்கும். படகுத்துறை ஜெட்டியை நெருங்கும்போது, பின்னால் வேகமாக வந்த இன்னொரு படகின் அலை எங்கள் படகைத் தூக்கிச் சுவரோடு மோத வைத்தது. கயிற்றைப் பிடித்திருந்த அவருடைய இடது கை, படகின் விளிம்புக்கும் ஜெட்டியின் இரும்புக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

அவர் கத்தவில்லை. "யாரும் எந்திரிக்காதீங்க. பைட்டோ, பைட்டோ. அப்படியே உக்காருங்க," என்று மட்டும் சொன்னார். எல்லோரும் ஒரே பக்கம் எழுந்திருந்தால் படகு கவிழ்ந்திருக்கும் என்பது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது.

கையை வெளியே எடுத்தபோது ரத்தம் பீறிட்டது. பக்கத்தில் இருந்தவள் நான். துப்பட்டாவைச் சுருட்டி அந்தக் கையின் மேல் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்தினேன். என் கைக்குட்டை எப்போது அவிழ்ந்து விழுந்தது என்று தெரியவில்லை. "விடு தங்கச்சி, நானே புடிச்சுக்கிறேன், நீ விடு," என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். ஒரு பெண் தன் கையைப் பிடித்திருக்கிறாளே என்று கூச்சப்படுகிறார் போல என்று நினைத்தேன். இன்னும் பலமாக அழுத்தினேன்.

பக்கத்திலிருந்த சுகாதார நிலையத்துக்கு அவரைக் கொண்டுபோனோம். நர்ஸ் உள்ளே நுழைந்ததும் அவர் மெதுவாக ஏதோ சொன்னார். நர்ஸ் தலையாட்டிவிட்டுக் கையுறை போட்டுக்கொண்டு கட்டுப் போட ஆரம்பித்தார். நான் கதவருகே நின்றேன். சேகர் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"உன் கையக் காட்டு."

காட்டினேன். கை முழுக்க அவருடைய ரத்தம். வெட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"போயி குழாயத் தொறந்து சோப்பு போட்டு நல்லாக் கழுவு. பிதுக்காத, அமுக்காத. தண்ணி அதுபாட்டுக்கு ஓடட்டும். கழுவிட்டு இங்க வா."

கழுவிவிட்டு வந்தேன். தண்ணீர் பட்டதும் வெட்டு எரிந்தது. வெட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஆம்புலன்சுக்குச் சொல்ல நர்ஸ் வெளியே போகும்வரை காத்திருந்தார்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு தங்கச்சி. சிஸ்டர்கிட்ட வந்தவுடனே சொல்லிட்டேன். படகுல உன்கிட்ட சொல்ல முடியல, அத்தன பேரு இருந்தாங்க. நான் ஒழுங்கா மாத்திரை சாப்பிடுறவன், அதனால பயந்துராத. ஆனா உன் கையில வெட்டு இருக்கு. போர்ட் பிளேர் போயி எறங்குனதும் பெரிய ஆஸ்பத்திரி கேசுவல்டிக்குப் போ. நோய் ஒட்டாம தடுக்க மாத்திரை இருக்கு. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். சீக்கிரம் போகப் போக நல்லது."

கதவுக்கு வெளியே அவருடைய படகுக்காரர்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார் என்றாலும், யார் காதிலாவது விழுந்திருந்தால் அன்றோடு அவருக்கு அந்த ஜெட்டியில் வேலை போயிருக்கும். அது எனக்கு இன்றைக்குத்தான் புரிகிறது. ஆனால் அன்றைக்கு, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வந்தது கோபம். முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்ற கோபம். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆம்புலன்ஸ் வந்து அவரை போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது.

நாங்கள் கல்லூரி பஸ்ஸில் திரும்பினோம். படகுத்துறையைக் கடந்து, காட்டுவழியில் போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகத்தான் போக வேண்டும், நினைத்த நேரத்துக்குப் போக முடியாது. என் பக்கத்தில் ஜெயந்தி உட்கார்ந்திருந்தாள். ராமநாதபுரத்திலிருந்து வந்து இங்கே கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். முதல் வருடத்திலிருந்து என் தோழி. அவளிடம் மட்டும் சொன்னேன்.

அவள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "நாளைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணிருவோம்டி. இல்லன்னா இல்லன்னு தெரிஞ்சிரும்ல?"

"மாத்திரை இருக்குன்னு சொன்னாரு."

"வந்ததுக்கு அப்புறம் சாப்பிடுற மாத்திரையா இருக்கும். வராம இருக்க ஏது மாத்திரை? அப்படி ஒண்ணு இருந்தா நமக்குத் தெரியாதா?"

அவள் சானிடைசரை எடுத்து வெட்டின் மேல் ஊற்றினாள். உயிர் போகிற மாதிரி எரிந்தது. எரிந்தால் கிருமி சாகிறது என்று இருவரும் நம்பினோம். போனில் தேடலாம் என்றால் காட்டுக்குள் சிக்னல் இல்லை. விலங்கியல் படிக்கும் இரண்டு பெண்கள்! அதற்கு முந்தின வருடம்தான் எய்ட்ஸ் தினத்துக்குக் கல்லூரியில் நடந்த போஸ்டர் போட்டியில் நான் இரண்டாம் பரிசு வாங்கியிருந்தேன். எந்தெந்த வழியில் பரவும், எதனால் பரவாது என்று வரிசையாக எழுதிப் படமும் வரைந்திருந்தேன். பரவ வாய்ப்பு நேர்ந்துவிட்டால் அடுத்த மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

போர்ட் பிளேரில் இறங்கியதும் ஜெயந்தி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். நான் மாட்டேன் என்றேன். கேசுவல்டியில் அண்ணனுக்குத் தெரிந்தவர் ஒருவர் வேலை செய்கிறார். சின்ன ஊர். நான் அங்கே போய் அந்த நோயின் பெயரைச் சொன்னால் பொழுது போவதற்குள் வீட்டுக்குச் செய்தி வந்துவிடும். அதோடு, அடுத்த நாள் ஞாயிறு. திங்கட்கிழமை போனாலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்தானே என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் பூமி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். நான் அவளைத் தூக்கவில்லை. தொட்டால் ஒட்டாது என்று போஸ்டரில் எழுதியவள்தான். ஆனாலும் கை நீளவில்லை. குழந்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அழுதது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு போன் வந்தது. தெரியாத நம்பர்.

"தங்கச்சி, சேகர் பேசுறேன். மாத்திரை வாங்கிட்டியா?"

குரல் குழறியது. ராத்திரியே அவருக்குக் கையில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. மயக்கம் தெளிந்து உட்கார முடிந்ததும் பக்கத்துப் படுக்கைக்காரரை நம்பர் போடச் சொல்லிப் பேசுகிறார்.

"இல்லண்ணே. நாளைக்கு வரேன். இன்னைக்கு லீவு இல்லையா?"

"கேசுவல்டிக்கு ஏது லீவு? நாளைக்குக் கீளைக்குன்னு சொல்லாத. எழுபத்திரண்டுங்கிறது கடைசி எல்லை. அதுவரைக்கும் ஒக்காந்திருக்கலாம்னு அர்த்தம் இல்ல. நீ இப்பக் கெளம்புற. கெளம்பிட்டு எனக்குச் சொல்லு."

"எல்லாருக்கும் தெரிஞ்சிரும்ணே."

"டாக்டரத் தனியாப் பேசணும்னு கேளு. அவங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது, அது சட்டம். என் பேரையே சொல்லு, பரவாயில்ல. நான் எல்லாத்தையும் சொல்லச் சொன்னேன்னு சொல்லு," என்றார்.

ஜெயந்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். கேசுவல்டியில் இருந்தவர் என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு டாக்டர். தனியாகப் பேச வேண்டும் என்றதும் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. எப்போது நடந்தது, வெட்டு எவ்வளவு ஆழம், எதைக் கொண்டு கழுவினாய் என்று மூன்றே கேள்விகள் கேட்டார். சானிடைசர் ஊற்றியதைச் சொன்னபோது மட்டும், "அதெல்லாம் வேண்டாம், சோப்பும் தண்ணீருமே போதும்," என்றார்.

பிறகு ஹிந்தியில் எனக்குப் புரியும்படி விளக்கினார். கிருமி வெட்டு வழியாக உள்ளே நுழைந்ததும் உடனே உடம்பெங்கும் பரவிவிடாது. முதலில் நுழைந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும், அங்கிருந்து பெருகி நிலைத்துவிட இரண்டு மூன்று நாள் ஆகும். நிலைத்துவிட்டால் அதை முழுக்க வெளியேற்ற முடியாது. நிலைப்பதற்குள் மாத்திரை அதன் பெருக்கத்தை நிறுத்திவிட வேண்டும். தினம் ஒன்று, இருபத்தெட்டு நாள், ஒரு நாளும் விடாமல். மஞ்சள் காமாலைக் கிருமிக்கும், சிறுநீரகத்துக்கும் சேர்த்து ரத்தம் எடுத்தார்கள். முதல் மாத்திரையை அவர் முன்னாலேயே போடச் சொன்னார். விழுங்கிவிட்டுப் பார்த்தேன், கடிகாரத்தில் பகல் ஒன்றேகால். விபத்து நடந்து ஏறக்குறைய ஒரு நாள்.

வெளியே வந்ததும் ஜெயந்தி சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். "நான் பாட்டுக்கு அப்படி ஒண்ணு இல்லன்னு சொல்லிட்டேனேடி. நீ என் பேச்சக் கேட்டிருந்தா?"

மறுநாள் அதே ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மாவைப் பார்த்தேன். வங்காளிக்காரர். அன்றைய ரத்தப் பரிசோதனையில் எதுவும் இல்லை என்றால் இதற்கு முன் உனக்கு நோய் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம், சனிக்கிழமை நடந்ததைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது, அதற்கு ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று மறுபடி பார்க்க வேண்டும் என்றார். நான் எப்போதும் போடும் இரும்புச்சத்து மாத்திரையை இதோடு சேர்த்துப் போடாதே, இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடு என்றார். பிறகு ஒரு தாளை எடுத்தார். "இதை உன்னிடம் காட்டச் சொல்லி அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்," என்றார். சேகர் அண்ணனுடைய கடைசிப் பரிசோதனை முடிவு. அவர் ரத்தத்தில் கிருமி கருவியால் எண்ண முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. அதனால் எனக்குத் தொற்றியிருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு, ஆனாலும் திறந்த வெட்டில் இவ்வளவு ரத்தம் பட்ட பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம் என்றார்.

அங்கிருந்து நேராக அவருடைய வார்டுக்குப் போனேன். கை தோள்வரை கட்டப்பட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"மன்னிச்சிருங்கண்ணே. அன்னைக்கு நான் ஒரு வார்த்தகூடப் பேசாம வந்துட்டேன்."

"நீ அடிச்சிருந்தாக்கூட நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்," என்று சிரித்தார். "நானா இருந்தா எனக்கும் கோவம்தான் வந்திருக்கும்."

எப்படி அவருக்கு நோய் வந்தது என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

இருபத்தெட்டு நாள் சொல்வதற்கு எளிது. முதல் வாரம் காலையில் எழுந்ததும் குமட்டும். தலை கனக்கும். விசித்திரமான கனவுகள் வரும். அசிடிட்டி என்று வீட்டில் பொய் சொன்னேன். எனக்கென்று ஒரு தட்டை ஒதுக்கிக்கொண்டேன், பூமி பக்கத்தில் வந்தால் படிக்கணும் என்று எழுந்து போனேன். அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. எலும்பெல்லாம் வலித்தது. கையில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. கிருமி உள்ளே புகுந்தவுடன் சிலருக்கு இப்படிக் காய்ச்சலும் தடிப்பும் வரும் என்று இதற்குள் நான் படித்திருந்தேன். வந்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். அண்ணனும் அண்ணியும் என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் வார்டில் சேர்த்தார்கள்.

வார்டு டாக்டர் கேட்டார்: "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா?"

அண்ணன் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணி என் முகத்தையே பார்த்தார். பிறகு அண்ணனிடம், "நீங்க போயி எளநி வாங்கிட்டு வாங்க. ரெண்டா வாங்கிட்டு வாங்க," என்றார். அண்ணன் போனார். அண்ணி அசையவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். அண்ணி கேட்டுக்கொண்டு நின்றார். டாக்டர் குறித்துக்கொண்டு, அந்த மாத்திரையை நிறுத்தாதே என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

அண்ணி என்னைக் கட்டிப்பிடித்து அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு ஆத்திரம்தான் வந்தது.

"மூணு வாரமா? மூணு வாரமா ஒருத்திகிட்டயும் சொல்லாம நீயே தூக்கிக்கிட்டு அலைஞ்சியா? நான் ஒருத்தி வீட்டுல என்னத்துக்கு இருக்கேன்?"

"பூமிக்கு ஏதாவது ஆயிரும்னு…"

"தூக்குனா ஒட்டுமா? நீ படிச்ச புள்ள, நீ சொல்லு. ஒட்டுமா?"

"ஒட்டாது."

"பொறகு? அந்தப் புள்ள உன்ட ரூம் கதவுல வந்து நின்டு நின்டு போகுது. என்னால அத பார்க்க ஏலாது. சுகமாயி வந்த ஒடன மொத வேல, அவளத் தூக்கு."

ரத்த முடிவு மாலையில் வந்தது. டெங்கு. டெங்கு வந்ததற்காகச் சந்தோஷப்பட்ட ஆள் அந்த வார்டிலேயே நான் ஒருத்திதான் இருந்திருப்பேன். நான்கு நாள் படுத்திருந்தேன். ஊசியில் தண்ணீர் ஏறியது, காலையும் மாலையும் ரத்தம் எடுத்தார்கள். அண்ணி காலைக் கஞ்சியோடு வருவார், நான் கஞ்சி குடித்ததும் மாத்திரையை எடுத்து நீட்டுவார். விழுங்கும்வரை பேச்சே கிடையாது. அண்ணனிடம் அவரே சொல்லிவிட்டார். அண்ணன் என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இளநீரை வெட்டி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார், என்னால் குடிக்க முடிந்த அளவுக்கு மேல்.

இருபத்தெட்டாவது மாத்திரை வீட்டில், பூமியை மடியில் வைத்துக்கொண்டு.

ஆறு வாரப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. மூன்று மாதத்திலும் இல்லை. அந்தச் சமயத்தில் கவுன்சிலர் அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "உன் வகுப்பில் எத்தனை பேருக்கு இந்த மாத்திரை தெரியும்?" ஒரு நாள் பேராசிரியரிடம் அனுமதி வாங்கி, வகுப்பில் எழுந்து நின்று கேட்டேன். ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. ஜெயந்தியுடையது. அதற்குப் பிறகு அவள்தான் முன்னால் வந்து பேசினாள், யாருக்கு, எங்கே என்று மட்டும் சொல்லாமல், தான் தவறாகச் சொன்னதையும் ஊற்றியதையும் ஒளிக்காமல். வகுப்பு முடிந்ததும் ஒரு பையனும் பெண்ணும் தனித்தனியாக வந்து, கேசுவல்டிக்குப் போனால் திட்டுவார்களா என்று கேட்டார்கள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. திட்ட மாட்டார்கள் என்று சொன்னோம்.

ஆறாவது மாதம் கடைசிப் பரிசோதனை. தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது வராந்தா பெஞ்சில் சேகர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். விரல்கள் மடங்கவில்லை என்று இரண்டாவது ஆபரேஷனுக்கு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டு சுவரிலிருந்த அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தார். அந்தப் பரிசோதனை அறைக் கதவருகே என்னை அவரோடு யாராவது பார்த்துவிட்டால் எனக்குத்தான் சங்கடம் என்று ஒதுங்குகிறார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தாளை விரித்து அவர் மடியில் வைத்தேன்.

அவர் படித்தார். மறுபடி படித்தார். நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டார். "ஆறு மாசமா ஒவ்வொரு தடவ போன் அடிக்கிறப்பவும் நீயோன்னு திக்குன்னு இருக்கும்," என்றார். "இன்னொண்ணுக்கும் பயந்தேன். ஜெட்டியில எவனாவது ஒருத்தன் ஒரு மாதிரி பார்ப்பான்னு. ஒருத்தனும் பார்க்கல. நீ அத வெளிய விடல."

அப்போது ஆபரேஷன் அறை வார்டுபாய் ஃபைலோடு வந்து அவர் பெயரைக் கூப்பிட்டார். "பேஷண்ட் கே சாத் கௌன் ஹே?" கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

"அகேலா ஹூன்," என்றார் சேகர் அண்ணன். தனியாகத்தான் வந்திருக்கிறேன். சொல்லிச் சொல்லிப் பழகிய குரல்.

கூட ஆள் இல்லாமல் உள்ளே விட மாட்டோம், யாரையாவது போன் பண்ணிக் கூப்பிடு என்றார் வார்டுபாய். நான் எழுந்து நின்றேன்.

"மே ஹூன்." நான் இருக்கிறேன்.

சேகர் அண்ணன், "உனக்கு வகுப்பு இருக்கும், போ," என்றார். நான் அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வார்டுபாய் அவருடைய சட்டை, செருப்பு, போன், ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"டப்பாவ மட்டும் பத்திரமா வச்சுக்க. ஒன்றரைக்குப் போடணும்," என்று சொல்லிக்கொண்டே சேகர் அண்ணன் உள்ளே போனார். படகு ஓய்வாக நிற்கும் நேரம் அது, யாரும் பார்க்காமல் விழுங்கிவிடலாம் என்று பிறகு சொன்னார். ஒன்பது வருடமாக அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

கைக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தார்கள். ஒரு மணி தாண்டியதும் வெளியே கொண்டுவந்து படுக்கையில் விட்டார்கள். ஒன்றரைக்கு என் மடியில் இருந்த பைக்குள் அவருடைய போனில் அலாரம் ஒலித்தது. அதை அணைத்துவிட்டு, டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து அவருடைய நல்ல கையில் வைத்தேன். வார்டில் பத்துப் பேர் இருந்தார்கள். அவர் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீருக்காக என்னிடம் கை நீட்டினார்.